காவடிப் பதிவுச் செயலி: நிரல் எழுதும் முன் செய்து பார்த்த முன்மாதிரிகள்

மொரிசியஸின் மேட்டுநிலப் பகுதியில் உள்ள எங்கள் ஊர் முருகன் கோயிலில், தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் வேலை இதுவரை ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில்தான் நடந்துவந்தது. காவடி எடுப்பவர், பால்குடம் சுமப்பவர், அலகு குத்திக்கொள்பவர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும், ஊர்வலம் முடிந்தபின் உண்ணவரும் வீட்டாரின் எண்ணிக்கையும் அதில் வரிசையாக எழுதப்படும். ஏழுகறிச் சாப்பாட்டுக்கு எத்தனை வாழையிலை, எவ்வளவு அரிசி என்பதைச் சமையற்கூடத்தார் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே முடிவுசெய்வார்கள். இந்தப் பதிவைக் கைப்பேசிச் செயலியாக மாற்ற வேண்டும் என்று கோயில் நிருவாகக் குழு விரும்பியது. எபேனில் உள்ள ஓர் அலுவலகத்தில் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதே என் பிழைப்பு என்பதால், நிரலாளருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக எதைக் கட்டுவது, எதை விட்டுவிடுவது என்று சோதித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சோதனைக்காகச் செய்த முன்மாதிரிகளைப் பற்றியதே இந்தப் பதிவு.

கணினியைத் திறப்பதற்கு முன், விடை தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பதிவை உண்மையில் செய்யப்போவது யார்? எந்த விவரம் இல்லாவிட்டால் கோயிலின் வேலை நின்றுபோகும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு அவர்கள் வருவார்களா? இந்த மூன்றுக்கும் ஒரே முன்மாதிரி விடை சொல்லாது என்பது எழுதியவுடனேயே தெரிந்தது. முதல் கேள்விக்குக் காகிதம் போதும். இரண்டாவதற்கு உண்மையாகத் தட்டச்சு செய்யக்கூடிய ஒரு படிவம் வேண்டும். மூன்றாவதற்குத் திரையே தேவையில்லை, ஒரு வாட்ஸ்அப் எண்ணும் பொறுமையுள்ள ஓர் ஆளும் இருந்தால் போதும். 1996ஆம் ஆண்டு வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அந்தக் கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவிலான ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் பலரும் அறிந்த செய்தி. பையில் அடங்குமா, எடுத்துப் பார்க்கும் பழக்கம் வருமா என்ற கேள்விக்கு மரக்கட்டையே விடை சொல்லிவிட்டது. அதற்கு மின்சுற்று எதுவும் தேவைப்படவில்லை. நான் செய்ததும் அந்த வழியைப் பின்பற்றியதுதான்.

காகித முன்மாதிரிக்கு ஏ4 தாளை நான்காக வெட்டினேன். அப்படி வெட்டினால் கிடைக்கும் ஏ6 துண்டு 105க்கு 148 மில்லிமீட்டர்; கைப்பேசியைவிடச் சற்று அகலமானது என்றாலும் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தொட்டுக் காட்ட வசதியானது. வெற்றுச் சட்டகம் ஒன்றை வரைந்து நகலெடுத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஓரக்கோடு போட வேண்டியதில்லை. எழுதுவதற்குப் பேனாவைத் தவிர்த்துத் தடித்த மார்க்கரை எடுத்தது வேண்டுமென்றேதான். மெல்லிய முனை கையில் இருந்தால் மனம் அலங்காரத்துக்குப் போய்விடும். மார்க்கரில் தலைப்பு, ஒரு பெட்டி, ஒரு பொத்தான் ஆகியவற்றுக்குமேல் ஒரு துண்டில் இடம் கிடைக்காது. பொத்தான்களின் அளவை மட்டும் அளவுகோல் வைத்தே போட்டேன். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்கள் விரலால் தொடும் இடத்துக்குக் குறைந்தது 48 டிபி (திரையின் நுணுக்கத்தைச் சாராத அளவு அலகு) கேட்கின்றன. அது திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். காகிதத்தில் 9 மில்லிமீட்டருக்குச் சதுரம் போட்டுப் பார்த்தாலே ஒரு திரையில் எத்தனை பொத்தான் அடங்கும் என்ற வாதம் முடிந்துவிடுகிறது. இறங்குபட்டியல்களையும் எச்சரிக்கைப் பெட்டிகளையும் ஒட்டுத்தாள்களில் எழுதி, தேவைப்படும்போது ஒட்டவும் உரிக்கவும் வைத்துக்கொண்டேன்.

சோதனையில் ஒருவர் பயனராகவும் இன்னொருவர் கணினியாகவும் இருக்க வேண்டும். கணினியாக உட்காருபவர் வாய் திறக்கக் கூடாது; பயனர் எந்த இடத்தைத் தொடுகிறாரோ அதற்குரிய அடுத்த துண்டை எடுத்து வைப்பது மட்டுமே அவர் வேலை. மூன்றாமவர் குறிப்பெடுக்க வேண்டும். எங்கள் கோயிலின் இளைஞர் குழுவில் ஒரு கல்லூரி மாணவி இந்தக் கணினி வேடத்தை மிக நன்றாகச் செய்தார். பயனர் தடுமாறும்போது கண்ணசைவில்கூட உதவி செய்யவில்லை. அது எளிய செயல் அன்று. உறவுக்காரர் ஒருவர் விழிக்கும்போது உதவாமல் இருப்பது நம் வளர்ப்புக்கே எதிரானது. அதனால்தான் குடும்பத்தாரை வைத்துச் சோதிக்கும்போது முடிவுகள் பெரும்பாலும் பொய்யாகிவிடுகின்றன.

பயனரிடம் பணியைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். “புதிய பதிவு என்ற பொத்தானை அழுத்துங்கள்” என்று சொல்லிவிட்டால் அங்கேயே சோதனை முடிந்துவிட்டது. “உங்கள் மகனும் மைத்துனரும் இந்த ஆண்டு காவடி எடுக்கிறார்கள், வீட்டில் எல்லாரும் சாப்பிட வருவீர்கள், இதைக் கோயிலுக்குத் தெரிவியுங்கள்” என்று ஒரு நிலைமையை மட்டும் சொன்னோம். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு கேட்டுக்கொண்டோம். பேச்சு முழுவதும் இத்தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது. தமிழில் பேசச் சொன்னால் பெரும்பாலானோர் சிந்தனையைச் சொல்வதை விட்டுவிட்டு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

காகிதம் காட்டிய முதல் விஷயம், நாங்கள் வரைந்திருந்த ஓட்டம் முழுவதையும் மாற்ற வைத்தது. குழு கேட்டது, ஒவ்வொரு பக்தரும் தம் கைப்பேசியில் கணக்குத் தொடங்கித் தம்மைப் பதிந்துகொள்ளும் செயலியை. ஆனால் சோதனைக்கு வந்தவர்களில் பெரியவர்கள் யாரும் தமக்காகப் பதியவில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மாவோ மூத்த அக்காவோ மொத்தக் குடும்பத்துக்கும், சில சமயம் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பி குடும்பத்துக்கும் சேர்த்தே பதிகிறார். கடவுச்சொல் திரையைக் கண்டதும் அவர் துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கோயிலில் மேசை போட்டிருப்பவரிடம் நேரில் சொல்லிவிடுவதாகக் கூறினார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள். ஆகவே உண்மையான பயனர்கள் இரண்டு வகை: குடும்பத்துக்காகப் பேசும் ஒருவர், கோயில் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் தொண்டர். கணக்குத் தொடங்கும் திரைகளை அன்றே கிழித்துப் போட்டோம். காகிதம் என்பதால் கிழிக்கும்போது யாருக்கும் மனம் வலிக்கவில்லை. ஒரு வாரம் செலவழித்து வண்ணம் பூசிய திரையாக இருந்திருந்தால் அதைக் காப்பாற்றவே ஒரு காரணம் கண்டுபிடித்திருப்போம்.

அதற்குப் பிறகு, திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவுக்குப் போனேன். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலவசத் திட்டமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 360க்கு 800 அளவுச் சட்டகத்தில், உள்ளடக்கத்துக்கேற்பப் பெட்டிகளைத் தானாக அடுக்கும் ஆட்டோ லேஅவுட் வசதியைப் பயன்படுத்தி, பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, குடும்ப உறுப்பினர் அட்டை ஆகிய மூன்றை மட்டும் மறுபயன்பாட்டு உறுப்புகளாகச் செய்துகொண்டேன். திரைகளுக்கிடையே வழுக்கிச் செல்லும் அசைவுகளில் நேரம் செலவிடவில்லை. தமிழ் எழுத்தை வைத்து வடிவமைப்பவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயங்கள் பயன்படக்கூடும். முதலாவது, வெற்று நிரப்புச் சொற்களை இட்டு வரையாமல், இருப்பதிலேயே நீளமான உண்மைச் சொல்லை முதலில் இட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் பொத்தானில் “உறுதிசெய்யப்பட்டது” என்று எழுதியவுடன் பெட்டி உடைந்தது. அதைப் “பதிந்தாயிற்று” என்று மாற்றியபின் அடங்கியது. இரண்டாவது, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் இகர ஈகாரக் குறிகள் மேலும் உகர ஊகாரக் குறிகள் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தை அப்படியே வைத்தால் அடுத்தடுத்த வரிகள் உரசிக்கொள்கின்றன. எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு வரி உயரம் வைத்தபோது படிக்க வசதியாக இருந்தது.

மொழித் தேர்வுத் திரை எதிர்பாராத விவாதத்தைக் கிளப்பியது. ரோமன் அகரவரிசைப்படி மொழிகளை அடுக்கியிருந்ததால் தமிழ் கடைசியில் நின்றது. நிருவாகக் குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மொரிசியஸ் நாணயத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதற்கடுத்து இந்தியும் இருக்கும். 1998ஆம் ஆண்டு வெளியான புதிய தாள்களில் இந்த வரிசை மாறி இந்தி முன்னால் வந்தபோது தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அவர் அதற்குமேல் எதுவும் விளக்கவில்லை. அந்தத் திரையையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் மேலும் தமிழை முதல் வரியிலும் கிரியோலை இரண்டாம் வரியிலும் வைத்தேன். பொத்தானின் உயரம் கூடியது. ஆனால் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத இளையவர்களும் தமிழைத் தவிர வேறு வரியை விரும்பாத பெரியவர்களும் ஒரே திரையில் தடங்கலின்றிச் சென்றார்கள். திரை ஒன்று குறைந்தது கூடுதல் ஆதாயம்.

ஃபிக்மாவின் வழக்கமான முன்மாதிரியில் பயனர் ஒரு பெட்டியைத் தொட்டால் முன்பே எழுதிவைத்த பெயர் தோன்றும். அவர் விரலால் எதையும் தட்டச்சு செய்வதில்லை. படிவம் சார்ந்த செயலிக்கு இது பெரிய குறை, ஏனென்றால் தட்டச்சு செய்யும் இடத்தில்தான் மக்கள் தவிக்கிறார்கள். அதனால் பதிவுப் படிவத்தை மட்டும் உலாவியில் திறக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாகக் கையால் எழுதினேன். சேவையகம் இல்லை, உள்ளிட்டதை உலாவியின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். தொலைபேசி எண் பெட்டிக்கு அதற்குரிய உள்ளீட்டு வகையைக் குறித்துவிட்டால் கைப்பேசியில் எண்பலகை தானாக மேலெழும். அதைச் செய்ய ஒரு சொல் போதும்.

இந்தப் படிவம்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது. மொரிசியஸில் 2013 செப்டம்பர் முதல் கைப்பேசி எண்கள் அனைத்தும் முன்னால் 5 சேர்ந்து 8 இலக்கமாயின; வீட்டுத் தொலைபேசி எண்கள் 7 இலக்கத்திலேயே நிற்கின்றன. 8 இலக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்த முதல் படிவம், வீட்டு எண்ணை மட்டுமே மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பாட்டியை வெளியே நிறுத்திவிட்டது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி, வீட்டு எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி போகாது என்ற குறிப்பை மேசைத் தொண்டருக்கு மட்டும் காட்டுமாறு செய்தோம். பெயரைத் தேடுவது அதைவிடச் சிக்கலானது. முத்துசாமி என்ற ஒரே குடும்பப்பெயரை ரோமன் எழுத்தில் ஒரு வீட்டார் பிரெஞ்சு முறைப்படியும் இன்னொரு வீட்டார் ஆங்கில முறைப்படியும் எழுதுவார்கள். நூறாண்டுகளுக்கு மேலாகப் பதிவேடுகளில் எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதியதன் விளைவு இது. பெயரைக் கொண்டு தேடினால் சென்ற ஆண்டுப் பதிவு கிடைக்காது, புதிதாக இன்னொன்று உருவாகிவிடும். எனவே தேடலுக்குத் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக்கொண்டோம். மேசையில் இருப்பவர் நான்கு எண்களைத் தட்டியதும் பொருந்தும் இரண்டு மூன்று குடும்பங்கள் தெரியும். முகத்தைப் பார்த்தே எது என்று அவர் சொல்லிவிடுவார். ஊர்க் கோயிலில் அந்த அளவுக்குத் துல்லியம் போதும்.

எந்த விவரம் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. படிவத்தில் பிறந்த தேதி, முகவரி, நட்சத்திரம் எல்லாம் வைத்திருந்தோம். சமையற்கூடத்தாரிடமும் ஊர்வல ஒழுங்குக் குழுவிடமும் நிரம்பிய படிவங்களைக் கொடுத்து, வேலையைத் திட்டமிடுமாறு கேட்டேன். சமையற்கூடத்தார் ஒரே எண்ணை மட்டும் பார்த்தார்கள். ஒழுங்குக் குழுவினர் காவடி வகையையும் குழந்தைகள் இருக்கிறார்களா என்பதையும் பார்த்தார்கள். அர்ச்சகர் நட்சத்திரத்தைச் சங்கல்பத்தின்போது நேரில் கேட்டுக்கொள்வதே தமக்கு வசதி என்றார். பெட்டிகளில் பாதிக்குமேல் அந்தப் பிற்பகலிலேயே நீங்கின.

மூன்றாவது கேள்விக்குச் செய்த சோதனையைத் தொழில்மொழியில் ஓஸ் மந்திரவாதி முறை என்பார்கள். இயந்திரம் செய்வதாகப் பயனருக்குத் தோன்றும் வேலையைத் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் செய்வதே அதன் சாரம். பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகள் வருவதற்கு வெகுமுன்பே, 1980களில், ஆய்வாளர்கள் அடுத்த அறையில் ஒரு தட்டச்சரை உட்காரவைத்து இப்படிச் சோதித்திருக்கிறார்கள். நாங்கள் கூகுள் படிவம் ஒன்றைச் சில குடும்பங்களுக்கு அனுப்பினோம். அது நிரம்பியவுடன் ஒரு தொண்டர் கோயிலின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, “உங்கள் குடும்பம் காலை 8 மணிப் பிரிவில், உங்கள் எண் இன்னது” என்று கையால் செய்தி அனுப்பினார். சாதாரண வெள்ளிக்கிழமைப் பூசையை ஒட்டி ஓர் அன்னதானத்துக்கு இதைச் செய்து பார்த்தோம். நேரம் ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் நேரத்துக்கு வரவில்லை. ஒரே கார் கிடைக்கும் நேரத்துக்கு வந்தார்கள், அண்டை வீட்டாருடன் சேர்ந்து வந்தார்கள். ஆனால் எண் வந்த செய்தியை எல்லாரும் பத்திரமாக வைத்திருந்து மேசையில் காட்டினார்கள். ஆகவே நேர ஒதுக்கீட்டைச் செயலியிலிருந்து நீக்கி, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம். நேர ஒதுக்கீட்டுக்கான நிரல்தான் மதிப்பீட்டிலேயே மிகுந்த செலவுள்ள பகுதியாக இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்ற கேள்வி குழுவில் அடிக்கடி எழுந்தது. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்கிறார். ஐந்து பேருக்குப் பின் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிவந்துவிடும். பலரும் இந்த ஐந்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பயனர்கள் ஒரே வகையினராக இருந்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். இரண்டு வகை இருந்தால் வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார். குடும்பப் பெரியவர்களையும் மேசைத் தொண்டர்களையும் தனித்தனியாகச் சோதித்தது அதனால்தான். ஒரே வடிவத்தைப் பலரிடம் காட்டுவதைவிட, சிலரிடம் காட்டித் திருத்தி, திருத்தியதை வேறு சிலரிடம் காட்டுவதில் பலன் அதிகம்.

மேசைத் தொண்டரின் திரையைக் கோயில் முற்றத்தில், பந்தல் நிழல் விலகும் நண்பகலில் சோதித்தோம். தைப்பூசம் இங்கே கோடையின் நடுவில் வருகிறது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு அறைக்குள் தாராளமாகத் தெரிந்தது. வெயிலில் சாம்பல் நிற எழுத்துகள் முற்றிலும் மறைந்தன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு என்று வைத்துவிட்டோம். காவி வண்ணத்தைத் தலைப்பில் மட்டும் விட்டுவைத்தது குழுவின் மனநிறைவுக்காக.

பதிவு நடக்கும் பருவமே புயல் பருவமும் ஆகும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் தீவைத் தாக்கிப் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. அவ்வாண்டுத் தைப்பூசம் ஜனவரி 25. அப்படி ஒரு வாரத்தில் மின்சாரமும் இணையமும் இல்லாத கோயிலில் இந்தச் செயலி என்ன செய்யும் என்று சோதிக்க, மேசையிலிருந்த கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுப் பதிவைத் தொடரச் சொன்னோம். தொண்டர் அக்கா சற்றும் கலங்காமல் பழைய நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். அதைத் தடுக்கும் எந்த வடிவமும் எனக்குத் தோன்றவில்லை. தடுக்க வேண்டியதும் இல்லை. நோட்டின் பத்திகளைத் திரையின் வரிசைப்படியே அச்சிட்டுக் கொடுத்து, பிறகு அதைப் பார்த்து ஒரு பக்கத்தை விரைவாக உள்ளிடும் திரையைச் சேர்த்தோம். ஒவ்வொரு மாலையும் அன்றைய பட்டியலைத் தாளில் அச்சிடும் பொத்தானும் சேர்ந்தது.

நிரலாளரிடம் கொடுத்த கட்டில் ஃபிக்மா இணைப்பு, எச்டிஎம்எல் கோப்பு, காகிதத் துண்டுகளின் படங்கள், நீக்கிய அம்சங்களின் பட்டியல் ஆகியவை இருந்தன. நீக்கியவற்றை ஏன் நீக்கினோம் என்று எழுதியிருந்த பக்கத்தைத்தான் அவர் அதிக நேரம் படித்தார். அவருடைய மதிப்பீடு முதலில் சொன்னதில் பாதிக்கும் கீழே இறங்கியது. காணிக்கையைக் கைப்பேசி வழியாகச் செலுத்தும் பகுதியை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. பொய்ப் பணத்தை வைத்துச் செய்யும் சோதனையில் மக்கள் காட்டும் துணிச்சல் உண்மைப் பணத்தில் இருப்பதில்லை என்பதால், அதை உண்டியலுக்கு அருகே கியூஆர் அட்டை ஒன்றை வைத்து, சிறு தொகைகளோடு, அடுத்த ஆடி மாதத்தில் தனியாகச் சோதிப்பதாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது.